மீனுக்கு 61 நாள்

வங்கக் கடலில் மீனுக்கு ஆண்டுதோறும் 61 நாள் விடுப்பு உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் நிம்மதியாக முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்க வேண்டும் என்பது அரசு உத்தரவு. இதற்கு விண்ணப்பம் வேண்டாம், மேலாளரின் கையெழுத்து வேண்டாம், மருத்துவச் சான்றிதழும் வேண்டாம். முன்பு 45 நாளாக இருந்ததை 2017இல் 61 ஆக உயர்த்தினார்கள். அதற்காக எந்த மீனும் கொடி பிடிக்கவில்லை, உண்ணாவிரதம் இருக்கவில்லை. பிறகு ஏன் இந்தக் கருணை? ஓய்வு கொடுத்தால் இனம் பெருகும், ஜூன் 15 முதல் வலை நிறையும். பிடித்துத் தின்பதற்காகக் காட்டப்படும் அன்பு இது.

'ஊழியர் நலன் பேணினால் உற்பத்தித்திறன் உயரும்' என்று மனிதவளத் துறைக்காரர்கள் ஒரே மூச்சில் சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்தத் தடைக்காலம்தான் நினைவுக்கு வருகிறது. வித்தியாசம் ஒன்றே ஒன்று. மீனுக்கு அந்த 61 நாள் நிஜமாகவே கிடைத்துவிடுகிறது.

மனிதர்களுக்குக் கிடைப்பது என்ன என்று பார்க்கக் கடலூர் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரைக்கு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்தரைக்கு வேன் வந்து நிற்கும். எந்த நிறுவனம் என்பதை விட்டுவிடுவோம்; ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றவை 'நாங்களும்தானே செய்கிறோம்' என்று கோபித்துக்கொள்ளும். ஒரே நிறத்தில் பனியன் மாட்டிய முப்பது நாற்பது பேர் கொட்டாவி விட்டபடி இறங்குவார்கள். 'மகிழ்ச்சியான ஊழியர், உயரும் உற்பத்தி' என்று ஃப்ளெக்ஸ் கட்டியிருக்கும். முதல் காரியம், வருகைப் பதிவேட்டில் கையெழுத்து. வராதவருக்குச் சம்பளம் பிடிக்க மாட்டார்கள், அவ்வளவு கொடுமைக்காரர்கள் இல்லை. அப்ரைசலில் 'குழு மனப்பான்மை போதாது' என்று ஒரு வரி ஏறும், அவ்வளவுதான். பிறகு சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளர் காலர் மைக்கை மாட்டிக்கொண்டு சிரிப்புச் சிகிச்சையைத் தொடங்குவார். கையை மேலே தூக்கி, வயிறு குலுங்க, ஹா ஹா ஹா. மூன்றாவது வரிசையில் ஒரு பையன் வலக்கையைத் தூக்கிச் சிரித்துக்கொண்டே இடக்கைக் கட்டைவிரலால் வாட்ஸ்அப்பில் பதில் தட்டிக்கொண்டிருப்பான். குழுவில் மேலாளர் கேட்டிருக்கிறார்: சனிக்கிழமை ரிப்போர்ட் எங்கே?

அன்னக்கூடையை இடுப்பில் வைத்தபடி ஏலத்துக்குப் போகும் மீன்காரம்மா ஒருத்தி நின்று பார்ப்பாள்.

"இன்னாத்துக்குடா இதுங்க விடியக்காலத்துல இப்படிச் சிரிக்குதுங்க?"

"சிரிச்சா வேல நல்லா செய்வாங்களாம் ஆயா" என்பான் டீ கேன் சைக்கிள்காரப் பையன்.

"சிரிக்கலன்னா?"

"தெரியல ஆயா. சிரிக்காதவங்க யாரையும் கூட்டினு வரல."

முடிவில் ஆளுக்கொரு ரப்பர் பந்து தருவார்கள். மன அழுத்தம் வரும்போது அதைக் கசக்க வேண்டுமாம். யாரை நினைத்துக் கசக்குவது என்பது அவரவர் சுதந்திரம். ஆனால் இந்த மூன்று மணி நேரத்துக்கு மாற்று விடுப்பு மட்டும் கேட்டுவிடாதீர்கள். இது வேலை இல்லையே, நலன் அல்லவா!

நலனுக்கும் உற்பத்திக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. தொடர்பு இருக்கிறது, அளந்தும் பார்த்துவிட்டார்கள். பிரிட்டனின் பி.டி. தொலைபேசி நிறுவனத்துக் கால் சென்டர்களில் ஆக்ஸ்ஃபோர்டு உள்ளிட்ட பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் ஆராய்ந்து, ஊழியர்கள் மகிழ்ச்சியாக இருந்த வாரங்களில் விற்பனை 13 சதவீதம் கூடியிருந்ததாக 2019இல் சொன்னார்கள். மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகம் ஆண்டுக்கு 1,200 கோடி வேலைநாட்களை இழக்கிறது, அதன் விலை ஒரு லட்சம் கோடி டாலர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குப் போட்டிருக்கிறது. பாருங்கள், மனிதன் படுத்த படுக்கையாகக் கிடந்தான் என்றால் யார் காதிலும் விழாது. அவன் படுத்ததால் இத்தனை டாலர் போச்சு என்றால் எல்லோரும் எழுந்து உட்காருகிறார்கள்.

இந்த வகை ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்தது நம் சென்னையிலேயே நடந்தது. குறைந்த வருமானக்காரர்கள் 452 பேரைத் தரவுப் பதிவு வேலையில் உட்காரவைத்து, அவர்கள் கையில் கருவி கட்டி, தூக்கத்தை அளந்தார்கள் பொருளாதார அறிஞர்கள். 2021இல் அது பெரிய ஆய்விதழில் வந்தது. இரவில் எட்டு மணி நேரம் படுக்கையில் கிடந்தும் அவர்கள் தூங்கியது ஐந்தரை மணி நேரம்தான். கொசு, புழுக்கம், தெருச் சத்தம், ஒரே அறையில் ஐந்து பேர் என்று வாழ்கிறவர்களுக்கு வேறு எப்படித் தூக்கம் வரும்? காதடைப்பான், கண்பட்டி, மின்விசிறி, மெத்தை எல்லாம் கொடுத்தார்கள், சிலருக்குத் தூங்கியதற்குக் காசும் கொடுத்தார்கள். இரவுத் தூக்கம் 27 நிமிடம் கூடியது. உற்பத்தித்திறனோ அசையக்கூட இல்லை. ஆனால் பகலில், வேலையிடத்திலேயே அரை மணி நேரம் குட்டித் தூக்கம் போட்டவர்களின் திறன் கூடியது. மனமும் தெளிந்தது. நம்மூர் அரசு அலுவலகங்களில் மதியம் இரண்டரைக்கு மேசையில் தலை சாய்ப்பவர்கள் எத்தனை பெரிய விஞ்ஞானிகள் என்பது அமெரிக்கப் பேராசிரியர்கள் வந்து சொன்ன பிறகுதான் நமக்கு விளங்குகிறது.

சிரித்தாயிற்று. இப்போது அந்த ஆய்வின் முதல் பாதியை எடுத்து ஒரு முதலாளியின் கையில் கொடுங்கள். இரவில் கூடுதலாகத் தூங்கியும் உற்பத்தி உயரவில்லை. அப்படியானால் தொழிலாளிக்கு இரவுத் தூக்கம் வேண்டாமா? கொசுக்கடியில் விடிய விடியப் புரளட்டும் என்று விட்டுவிடலாமா? ஆய்வாளர்கள் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் 'நலன் எதற்கு, உற்பத்திக்கு' என்று வாசகம் எழுதித் தொங்கவிட்டவர்கள் வேறு பதில் சொல்ல வழியில்லை. உற்பத்தி தராத நலனை அவர்கள் கணக்கில் எந்தப் பத்தியில் எழுதுவார்கள்? வீண் செலவு என்ற பத்தியில்தான்.

இந்த யோகா, சிரிப்பு, ரப்பர் பந்து எல்லாம் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்த நாட்டில் ஊழியர் நலன் என்று ஒன்று இருந்தது. அதைச் சட்டம் என்று அழைத்தார்கள். 1948இன் தொழிற்சாலைகள் சட்டத்தில் நலனுக்கென்றே தனி அத்தியாயம் இருந்தது. 250 பேருக்கு மேல் இருந்தால் கேன்டீன், 150க்கு மேல் இருந்தால் ஓய்வறை, 30 பெண்களுக்கு மேல் இருந்தால் குழந்தைகள் காப்பகம், நின்று வேலை செய்பவர் கிடைத்த இடைவெளியில் உட்கார இருக்கை, 500 பேர் இருந்தால் நல அதிகாரி. இன்னோர் அத்தியாயத்தில், வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் போனால் இரட்டைச் சம்பளம். உற்பத்தி கூடுமா குறையுமா என்று அந்தச் சட்டம் யாரையும் கேட்கவில்லை. மனிதன் என்றால் தாகம் எடுக்கும், கால் வலிக்கும், பிள்ளை அழும் என்பது மட்டும் அதை எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இருக்கை என்றதும் ஞாபகம் வருகிறது. நம் ஊர் ஜவுளிக்கடைகளில் காலை ஒன்பதரைக்கு நின்ற பெண் இரவு ஒன்பதரைக்குத்தான் உட்காருவாள், அதுவும் பேருந்தில், இடம் கிடைத்தால். கழிப்பறைக்கு அடிக்கடி போனால் மேற்பார்வையாளர் முறைப்பார் என்று தண்ணீர் குடிக்காமலே நாளை ஓட்டுவாள். 2018இல் கேரளம், கோழிக்கோட்டுக் கடைப் பெண்களின் நெடிய போராட்டத்துக்குப் பிறகு, உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடும் அதற்கு மசோதா கொண்டுவந்தது. கொண்டுவந்தவர் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ. கணேசன். நம்ம கடலூர் மாவட்டம், திட்டக்குடித் தொகுதிக்காரர். பெருமையாகத்தான் இருந்தது. அதே அமைச்சர், அதே துறை, 2023 ஏப்ரலில் இன்னொரு மசோதாவோடு வந்தார். ஒரு நாள் வேலையை 12 மணி நேரமாக நீட்டிக்கொள்ளலாம் என்றது அது. முதலில் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். பிறகு அதில் உட்காரும் நேரத்தைப் பிடுங்கப் பார்த்தார்கள். வாரத்துக்கு நான்கு நாள் வேலை செய்து மூன்று நாள் ஓய்வெடுக்கலாமே என்று விளக்கம் வேறு. 12 மணி நேர வேலை, முன்னும் பின்னும் கம்பெனி பஸ்ஸில் இரண்டிரண்டு மணி நேரம் என்றால், மிச்சமுள்ள எட்டில் சமைத்து, துணி துவைத்து, பிள்ளையைப் படிக்கவைத்து, தூங்கியும் எழ வேண்டும். அந்த மூன்று நாளும் படுக்கையை விட்டு எழ முடிந்தால் ஓய்வெடுக்கலாம்.

ஏப்ரல் 21 அன்று குரல் வாக்கெடுப்பில் அது நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன, தொழிற்சங்கங்கள் கொதித்தன. 24ஆம் தேதி நிறுத்திவைப்பு. மே 1 அன்று திரும்பப் பெற்றதாக முதல்வரின் அறிவிப்பு. அந்த மே 1 என்ன தேதி என்று யாராவது நாட்காட்டியைப் பார்த்தார்களா தெரியாது. 1923 மே 1 அன்றுதான் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே நாள் கூட்டத்தை நடத்தினார். எட்டு மணி நேர வேலை என்ற கோரிக்கை நம் மண்ணில் செங்கொடி பிடித்து நூறாண்டு நிறைய பத்தே நாள் இருக்கும்போது, அந்தக் கடற்கரைக்குக் கூப்பிடு தூரத்திலுள்ள கோட்டையில் 12 மணி நேரத்துக்குக் குரல் கொடுத்தார்கள். நூற்றாண்டு விழா என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்.

கோட்டை என்றால் எங்கள் தேவனாம்பட்டினத்திலும் ஒன்று இருந்தது. புனித டேவிட் கோட்டை. கெடிலம் கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இடிபாடு இன்னும் கிடக்கிறது. 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி இதை மராட்டியரிடம் விலைக்கு வாங்கியபோது, பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அவ்வளவு தூரமும் சேர்த்து என்று பேரம். நல்ல பீரங்கியாகப் பார்த்துக் கொண்டுவந்து நாலாபுறமும் சுட்டார்கள். குண்டு விழுந்த ஊரெல்லாம் கம்பெனி ஊர். குண்டு உப்பலவாடி என்று இன்றும் பேருந்துப் பலகையில் படிக்கலாம். கம்பெனிகள் அந்தப் பழக்கத்தை விடவில்லை, பீரங்கியைத்தான் மாற்றியிருக்கிறார்கள். இரவு பதினொன்றரைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு 'ஹாய்' விழுகிறது. விழுந்த இடம் படுக்கையறையோ பிரசவ வார்டோ, அது இனி கம்பெனி எல்லை.

இந்த எல்லை எவ்வளவு தூரம் போகலாம் என்பதில் பெரியவர்களுக்குள் போட்டி. 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் அதை 90க்கு ஏற்றினார். ஞாயிற்றுக்கிழமை வேலை வாங்க முடியவில்லையே என்ற வருத்தத்தோடு, வீட்டில் மனைவியை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் கேட்டார். வேலைக்கு வருவது எல்லாம் ஆண், வீட்டில் இருப்பது எல்லாம் பார்ப்பதற்கு ஒரு மனைவி என்ற உலகம் அது. 2023-24இல் அவருடைய சம்பளம் 51 கோடி ரூபாய். அவருடைய நிறுவனத்தின் நடுத்தர ஊழியர் ஒருவர் வாங்குவதைப் போல 534 மடங்கு. அவருக்கு ஞாயிறு தேவைப்படாததில் வியப்பில்லை. வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைத்ததால் பக்கவாதத்திலும் இதய நோயிலும் 2016ஆம் ஆண்டில் மட்டும் 7,45,000 பேர் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து கணக்கிட்டுச் சொல்லிவிட்டன. 90 மணி நேரத்துக்கு இன்னும் கணக்கு போடவில்லை. எண்ணுவதற்கு ஆள் மிஞ்ச வேண்டுமே.

நம் புனித டேவிட் கோட்டைக்கும் ஒரு மனச்சோர்வுக்காரர் வந்திருக்கிறார். பெயர் ராபர்ட் கிளைவ். சென்னையில் கம்பெனிக் கணக்கு எழுதும் குமாஸ்தாவாகச் சேர்ந்து, வீட்டு நினைப்பில் நொந்துபோன இளைஞர். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்ததும் தப்பித்து இங்கே வந்தார். பேனாவை வைத்துவிட்டு வாளை எடுத்தார். மனத்துக்குப் பிடித்த வேலை கிடைத்துவிட்டது, உற்பத்தித்திறன் பிளாசி வரை பாய்ந்தது. ஊழியர் மகிழ்ந்தால் கம்பெனிக்கு லாபம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? யாருக்கு நஷ்டம் என்று மட்டும் கேட்காதீர்கள்.

சரி, கடற்கரைக்கு வந்த பயிற்சியாளர் இப்போது மூச்சுப் பயிற்சிக்கு வந்திருப்பார். "கண்ணை மூடுங்கள், மூச்சை ஆழமாக உள்ளே இழுங்கள்." இதே கடலோரமாகத் தெற்கே சில கிலோமீட்டர் போனால் கடலூர் சிப்காட். குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம் பக்கம் போய் இந்தப் பயிற்சியை நடத்தச் சொல்லுங்கள் பார்ப்போம். எந்த நேரம் எந்த ஆலையிலிருந்து எந்த நாற்றம் வருகிறது என்று ஊர்க்காரர்களே மூக்கால் கண்டுபிடித்து நோட்டுப் போட்டு எழுதிவைத்த இடம் அது. அங்கே மூச்சை ஆழமாக இழுப்பவன் புதிதாக வந்தவன் என்று அர்த்தம். 2021 மே 13 அன்று, கொரோனா இரண்டாம் அலை ஊரடங்கில் ஊரே கதவடைத்துக் கிடந்தபோது, அங்கே ஒரு பூச்சிக்கொல்லி ஆலை வெடித்தது. நான்கு பேர் இறந்தார்கள். பலர் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

மேற்கே நெய்வேலி. 2020 மே 7 அன்று இரண்டாம் அனல்மின் நிலையத்தின் ஆறாவது அலகில் கொதிகலன் வெடித்தது. எரிந்தவர்களில் பலர் ஒவ்வொருவராக ஆஸ்பத்திரியில் இறந்தார்கள். விசாரணை, குழு, அறிக்கை என்று எல்லாம் நடந்துகொண்டிருந்தபோதே, இரண்டு மாதம்கூட ஆகாமல், ஜூலை 1 அன்று அதே நிலையத்தின் ஐந்தாவது அலகில் இன்னொரு கொதிகலன். அங்கேயே ஆறு பேர் உயிர் போனது. பிறகு தீக்காய வார்டிலிருந்து ஒவ்வொரு நாளும் ஒரு செய்தி வந்து, எண்ணிக்கை இரட்டை இலக்கத்தைத் தொட்டது. செத்தவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். நிரந்தர வேலை கேட்டு ஆண்டுக்கணக்கில் கோஷம் போட்ட கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். நாட்டுக்கு மின்சாரம் தடையில்லாமல் போக வேண்டும், அதற்குக் கொதிகலன் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அதற்குப் பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும். அந்த ஆளின் நலனை எந்தப் பயிற்சியாளர், எந்தக் கடற்கரையில், எந்தப் பந்தைக் கொடுத்துக் காப்பாற்றியிருப்பார்? அவருக்குத் தேவைப்பட்டது உள் அமைதி இல்லை ஐயா. பழுது பார்க்க அலகை நிறுத்துகிற ஒரு மேலதிகாரி. நிறுத்தினால் உற்பத்தி போகும். அங்கேதான் 'நலனும் உற்பத்தியும் கைகோத்து நடக்கும்' என்ற அழகான வாசகம் கை உதறிக்கொண்டு ஓடுகிறது.

புனேயில் 26 வயதுத் தணிக்கை நிறுவன ஊழியர் ஒருவர் 2024இல் இறந்தார். வேலைப்பளு தாங்காமல் போய்விட்டாள் என் மகள் என்று தாய் எழுதிய கடிதம் நாட்டையே உலுக்கியது. அப்போது மத்திய நிதியமைச்சர் சென்னை மேடையில், அழுத்தத்தைத் தாங்கும் உள்வலிமையைப் பிள்ளைகளுக்கு வீட்டில் சொல்லித்தர வேண்டும், அது இறைநம்பிக்கையால் வரும் என்று பேசினார். கடவுளுக்கு ஏற்கெனவே 24 மணி நேர ஷிப்ட்; அவருக்குத் தொழிலாளர் ஆய்வாளர் பதவியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் நொய்டாவில் ஓர் அழகுச் சேவை நிறுவனம், மன அழுத்தம் இருப்பதாகக் கருத்துக்கணிப்பில் சொன்ன ஊழியர்களை வேலையை விட்டு நீக்குவதாக ஒரு மின்னஞ்சல் வெளியானது. ஊரே திட்டித் தீர்த்த பிறகு, யாரையும் நீக்கவில்லை, அது விழிப்புணர்வு விளம்பரம் என்றார்கள். அங்கதம் எழுதுபவன் பிழைப்பில் இப்படி மண் போட்டால் நாங்கள் என்ன செய்வது?

புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டன. மின்சாரத்தில் ஓடும் பட்டறையில் பத்துப் பேர் இருந்தாலே அதைத் தொழிற்சாலை என்றது பழைய சட்டம். இப்போது இருபது பேர் வேண்டும். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைத்து, கொட்டைப் பால் பட்டு விரல் தோல் கறுத்து உரிந்து உட்கார்ந்திருக்கும் பதினைந்து பெண்கள் இனி தொழிற்சாலையில் இல்லை. எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டால், அதே இடத்தில், அதே விரல்களோடுதான்.

அடுத்த முறை உங்கள் அலுவலகத்தில் 'மகிழ்ச்சிக் கணிப்பு' என்று ஒரு படிவம் வரும். ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் போடச் சொல்வார்கள். பெயர் போட வேண்டாம் என்பார்கள், உங்கள் கைபேசி எண்ணில்தான் அது திறக்கும். நட்சத்திரத்தை விட்டுவிடுங்கள். கடைசியில் 'வேறு கருத்துகள்' என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். போன மாதம் எத்தனை மணி நேரம் கூடுதலாக வேலை செய்தீர்கள், அதற்கு இரட்டைச் சம்பளம் எவ்வளவு வர வேண்டும், எத்தனை வந்தது என்று அதில் எழுதுங்கள். இரட்டைச் சம்பளம் புதிய சட்டத்திலும் இருக்கிறது, பயப்பட வேண்டாம். தனியாக எழுதாதீர்கள், தனியாக எழுதினால் அடுத்த சிரிப்புப் பயிற்சிக்கு உங்களைக் கூப்பிட மாட்டார்கள், வேலைக்கும்தான். பக்கத்து மேசைக்காரர், செக்யூரிட்டி அண்ணன், கூட்டிப் பெருக்கும் அக்கா எல்லோரையும் சேர்த்துக்கொண்டு, ஒரே வாசகத்தை, ஒரே நாளில் எழுதுங்கள்.